குழுவினர் என்னிடம் எதையும் சொல்வதில்லை, என்ன செய்வது?

அடுத்த கேள்வி, அண்மையில் மேலாளராகப் பதவி உயர்வு பெற்ற நேயர் ஒருவர் அனுப்பியது. ‘நேற்றுவரை என்னோடு சமமாகப் பழகியவர்கள் இன்று கூட்டத்தில் வாய் திறப்பதில்லை. வேலையில் சிக்கல் இருப்பதே கெடு முடியும் நாளில்தான் எனக்குத் தெரியவருகிறது. அவர்களை எப்படிப் பேச வைப்பது?’ என்று கேட்டிருக்கிறார்.

கடைசியாக ஒருவர் கெட்ட செய்தியோடு வந்தபோது நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். ‘இதை ஏன் முன்பே சொல்லவில்லை?’ என்று பலர் முன்னிலையில் கேட்டிருந்தால், கேள்வி நியாயமானதாகவே இருந்தாலும், சுற்றியிருந்தவர்கள் அதிலிருந்து புரிந்துகொண்டது, வாய் திறப்பவர்தான் மாட்டிக்கொள்வார் என்பதைத்தான்.

அமெரிக்காவில் சிகாகோ அருகே இருந்த ஹாத்தோர்ன் தொழிற்சாலையில் 1928 முதல் 1930 வரை 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் தனித்தனியாக நேர்காணல் நடத்தினார்கள். தொடக்கத்தில் கேள்விகளை முன்கூட்டியே தயாரித்துக்கொண்டுதான் போனார்கள். தொழிலாளர்களோ அவற்றை விட்டுவிட்டுத் தங்கள் மனத்தில் இருந்ததையே பேசினார்கள். எனவே எதைப் பேசுவது என்பதைத் தொழிலாளரே முடிவு செய்யட்டும், எதிரில் இருப்பவர் குறுக்கிடாமலும் அறிவுரை கூறாமலும் கேட்கட்டும் என்று முறையை மாற்றியபோது, அரை மணி நேரத்தில் முடிந்துகொண்டிருந்த உரையாடல்கள் ஒரு மணி நேரத்தையும் தாண்டி நீண்டன.

நீங்களும் ஒவ்வொருவரோடும் வாரம் ஒரு முறை தனியாக அரை மணி நேரம் உட்காருங்கள். அப்போது வேலை எந்த அளவில் இருக்கிறது என்று விசாரிக்காதீர்கள். அதற்கு அறிக்கை இருக்கிறது. ‘உங்கள் வேலை எங்கே தடைபடுகிறது?’ என்று கேட்டுவிட்டு, பதில் வரத் தாமதமானாலும் அந்த இடைவெளியை உங்கள் பேச்சால் நிரப்பாமல் காத்திருங்கள். மேலாளர்களுக்கு இதைவிடக் கடினமான பயிற்சி வேறு இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. 5 நொடி மௌனத்தைக்கூடத் தாங்க முடியாமல் நானே பதிலையும் சொல்லி முடித்த காலம் உண்டு.

கேட்டதோடு நிறுத்திக்கொண்டால் நிலைமை முன்பைவிட மோசமாகும். அவர்கள் சொன்னவற்றில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்பதை அடுத்த சந்திப்பிலேயே தெரிவித்துவிடுங்கள். முதல் சில வாரங்களில் பெரிதாக எதுவும் வெளிவராது; சின்னக் குறை ஒன்றைச் சொல்லிவிட்டு உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.