இறந்தவரின் போட்டோவை மறைத்து வைக்கும் கணினி!

வணக்கம் நண்பர்களே. ஒருவர் இறந்துவிட்டால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? நல்ல போட்டோ ஒன்றைத் தேடிப் பெரிதாக்கி மாலை போடுவோம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் வைப்போம். ஆஸ்திரேலியாவின் நட்டநடுப் பாலைவனத்தில் வாழும் அனங்கு பழங்குடி மக்கள் இதற்கு நேர்மாறு. துக்கக் காலம் முடியும்வரை இறந்தவரின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், படத்தைப் பார்க்க மாட்டார்கள். ஊரில் அதே பெயர்க்காரர் இன்னொருவர் இருந்தால் அவர் பாடும் திண்டாட்டம்தான். அவரையும் கொஞ்ச காலம் ‘குன்மனாரா’ என்ற மாற்றுப் பெயரால்தான் கூப்பிடுவார்கள்!

சரி, இப்படிப்பட்ட மக்கள் தங்கள் வரலாற்றுக்கு ஒரு போட்டோ காப்பகம் கட்டினால் எப்படி இருக்கும்? கட்டியே விட்டார்கள். பெயர் ‘அரா இரிடிட்ஜா’, ஆரம்பித்தது 1994-இல்.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1937-இல் தொடங்கிய எர்னபெல்லா என்ற கிறிஸ்தவ மிஷன் போன்ற இடங்களுக்கு வந்த பாதிரியார்கள், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள் என எல்லோரும் இவர்களைப் படம் பிடித்தார்கள், பாட்டைப் பதிவு செய்தார்கள், ஊருக்குத் திரும்பும்போது எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோய்விட்டார்கள். அதையெல்லாம் தேடிப் பிடித்து, நகலெடுத்து, உரியவர்களிடமே திருப்பித் தருவதுதான் இந்தத் திட்டம்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம். ஒருவர் இறந்ததும் காப்பகத்தில் உள்ள அவருடைய படங்களைத் ‘துக்கம்’ என்று குறித்துவிடலாம். உடனே அவை பொதுப் பார்வையிலிருந்து மறைந்துவிடும். அழிப்பதில்லை, கவனியுங்கள், மறைப்பது மட்டும்தான். எப்போது திறக்கலாம் என்பதைக் குடும்பத்தார்தான் சொல்ல வேண்டும். காப்பக அதிகாரி கையில் எதுவும் இல்லை!

இன்னொன்றும் இருக்கிறது. ஆண்கள் மட்டும் பார்க்க வேண்டிய சடங்குப் பதிவுகள் தனி, பெண்களுக்கானவை தனி. வீட்டுக்காரராகவே இருந்தாலும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. பொதுவாக ஆவணக் காப்பகங்கள் ‘இத்தனை லட்சம் பக்கங்களைத் திறந்துவிட்டோம்’ என்றுதான் பெருமைப்படும். யார் எதைப் பார்க்கக் கூடாது என்பதையும் யோசித்துக் கட்டியதால், என்னைக் கேட்டால் இதுதான் கெட்டிக்காரக் காப்பகம்.

அப்புறம், பாலைவனத்தில் கணினியை எங்கே வைப்பது? தூசியும் வெயிலும் கொல்லும். அதனால் கணினி, பிரிண்டர், புரொஜெக்டர் எல்லாவற்றையும் சக்கரம் வைத்த பெட்டிக்குள் அடைத்தார்கள். அதற்கு வைத்த பெயர் ‘நிரி-நிரி’, அந்த ஊர் வண்டு ஒன்றின் பெயர்! பாட்டிமார் அதைச் சுற்றி உட்கார்ந்து, படத்தில் இருப்பவர் யார், யாருடைய பேரன், எந்தத் தண்ணீர்த் துறைப் பக்கம் எடுத்தது என்று சொல்லச் சொல்ல, அந்த விவரம் அங்கேயே படத்தோடு சேர்ந்துவிடும். யாரோ எழுதிவைத்த தப்பான குறிப்பையும் திருத்தலாம்.

உங்கள் போனில் ‘மூன்று வருடங்களுக்கு முன் இதே நாளில்’ என்று, போன மனிதரின் படம் திடீரென வந்து நின்றிருக்கிறதா? ‘துக்கம்’ பட்டன் உங்களுக்கும் வேண்டுமா, வேண்டாமா, கமெண்டில் சொல்லுங்கள். வேண்டாம் என்பவர்களோடு சண்டை போட நான் தயார்!