சப்போர்ட் யார்?

(நூலக வாசகர் வட்டமும் கபடிக் குழுவும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

வலப்பக்கம் கபடி ஆடுகிற தம்பி தங்கைகள். இடப்பக்கம் கதையும் கவிதையும் எழுதுகிறவர்கள். இரண்டு கூட்டத்தையும் ஒரே பந்தலில் உட்காரவைத்து, 'நேர்மறை ஆற்றல்' என்று தலைப்பும் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லின் மேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. கையை உயர்த்தி 'என்னால் முடியும்' என்று மூன்று முறை கத்தச் சொல்வார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் அது இறங்கிவிடும். கபடிக்காரர்களிடம் அதைவிட உருப்படியான சொல் ஒன்று புழங்குகிறது: சப்போர்ட். ஒருவர் பிடித்ததும் பக்கத்தில் நிற்பவர்கள் ஓடிவந்து சேர்ந்து பிடிப்பது. அதைப் பிடித்துக்கொண்டே பேசுகிறேன்.

எழுதுகிறவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு. ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து 4.75 மீட்டரில் போனஸ் கோடு. அந்தக் கோட்டுப் பக்கம் ரைடர், அதாவது எதிரணியிலிருந்து பாடி வருகிறவர், கால் வைக்கிறார். இடது கார்னர், அதாவது இடது ஓரத்தில் நிற்கிற தடுப்பாளர், பாய்ந்து கணுக்காலைக் கவ்வுகிறார். நடுத்தர உயரமுள்ள ஆள் கையை நீட்டிக் குப்புற விழுந்தால் கணுக்காலிலிருந்து விரல்நுனி வரை 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். நடுக்கோட்டைத் தொட இன்னும் இரண்டரை மீட்டர் பாக்கி. 80 கிலோ ரைடர், ஒரே ஒருவரைக் காலில் தொங்கவிட்டுக்கொண்டு அதை இழுத்துக் கடந்துவிடுவார். அந்த நேரம் கார்னருக்கு அடுத்து நிற்கிற 'இன்' இடுப்பைக் கட்டி, அவருக்கும் அடுத்து நிற்கிற 'கவர்' நடுக்கோட்டுப் பக்கம் மறித்துவிட்டால் ரைடரால் நகர முடியாது. எல்லாம் ஒரு நொடிக்குள் நடக்க வேண்டும். பிந்தி வந்து அரைமனதாகக் கை வைத்தால், ரைடர் நடுக்கோட்டைத் தொட்டதும் கார்னரோடு சேர்ந்து கை வைத்தவரும் வெளியே போவார்.

அடுத்த ரைடில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அதே கார்னர், அதே கால் எதிரே வருகிறது, பாயவில்லை. பக்கத்தில் ஆள் வருமா என்று ஒரு கணம் பார்க்கிறார். அதற்குள் கால் போய்விடுகிறது. கோட்டுக்கு வெளியே நிற்கிற நாம் 'ஏண்டா பிடிக்கல?' என்று அந்தப் பையனைத்தான் திட்டுவோம். கோளாறு இன்னிலும் கவரிலும் இருக்கிறது. முதல் பிடியின்போது மற்ற ஆறு பேர் எங்கே நின்றார்கள் என்று வீடியோவை நிறுத்திப் பார்த்தால் தெரியும். பையனுக்குத் தன்னம்பிக்கை இல்லை என்கிறோம். பெரும்பாலும், தனியாக விடப்பட்டதை அவன் ஒருமுறை பார்த்துவிட்டான், அவ்வளவுதான். முதல் கதையை அனுப்பிவிட்டு ஆறு மாதம் ஒரு பதிலும் வராமல் உட்கார்ந்திருக்கிற பெண்ணும் அந்தக் கார்னர்தான்.

இனி கைதட்டலுக்கு வருகிறேன். 1979இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிப் லட்டானே, கிப்லிங் வில்லியம்ஸ், ஸ்டீபன் ஹார்க்கின்ஸ் மூவரும் மாணவர்களைக் கத்தவும் கைதட்டவும் வைத்துச் சத்தத்தை அளந்தார்கள். கண்ணைக் கட்டி, காதில் ஹெட்போன் மாட்டி, 'உங்களோடு இன்னும் ஐந்து பேர் கத்துகிறார்கள்' என்று நம்பவைத்தார்கள். உண்மையில் கத்தியது அவர் ஒருவர்தான். தனியாகக் கத்துவதாக நினைத்தபோது வந்த சத்தத்தில் முக்கால் பங்குதான் இப்போது வந்தது. பிறகு, கூட்டத்தில் கத்தினாலும் யார் எவ்வளவு கத்தினார் என்பது தனித்தனியே தெரிந்துவிடும் என்று சொல்லிவிட்டுச் செய்து பார்த்தார்கள். அப்போது குறையவில்லை.

ஊரே உன் பின்னால் நிற்கிறது என்று மேடையில் சொல்கிறோம். மறுநாள் முட்டி வீங்கிப் படுத்திருக்கிற பையனை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போக ஆள் இருக்காது. மனசில்லாமல் அல்ல. வேறு யாராவது போயிருப்பார்கள் என்று நாற்பது பேரும் நினைத்திருப்பார்கள். ஆகவே குழுவின் நோட்டில் வேலைக்கு எதிரே பெயர் எழுதுங்கள். ஐஸும் முதலுதவிப் பையும் யார் பொறுப்பு, அடிபட்டவரோடு ஆஸ்பத்திரிக்குப் போவது யார், ஆட்டம் முடிய நேரமானால் பெண் பிள்ளைகளை வீடு வரை கொண்டுவிடுவது யார், வீட்டுக்குப் போன் செய்வது யார். ஒரு வேலைக்கு ஒரு பெயர், அவர் வராவிட்டால் இன்னொரு பெயர். 'அனைவரும்' என்ற சொல் அந்த நோட்டில் வரக்கூடாது.

தவறு செய்தவனிடம் என்ன சொல்வது என்பதில்தான் பல குழுக்கள் கெட்டுப்போகின்றன. சியாட்டிலில் ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் என்ற இரு உளவியலாளர்கள் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களை வைத்துப் பல ஆண்டுகள் வேலை செய்தார்கள். சில மணி நேரப் பயிற்சிதான் கொடுத்தார்கள். நல்லது செய்தால் உடனே சொல், தவறினால் தைரியம் சொல்லிவிட்டு, அடுத்த முறை எப்படிச் செய்வது என்று காட்டு, தண்டிக்காதே. 1992இல் வெளியான முடிவு இது: பயிற்சி பெறாதவர்களிடம் ஆடிய பிள்ளைகளில் 26 விழுக்காட்டினர் அடுத்த ஆண்டு திரும்பி வரவில்லை. பயிற்சி பெற்றவர்களிடம் ஆடியவர்களில் வராமல் போனது 5 விழுக்காடு. அந்த வேறுபாட்டுக்கு வெற்றி தோல்வி காரணமில்லை என்பதையும் அவர்கள் பார்த்துவிட்டார்கள். நல்ல வார்த்தை சொன்னால் நாளைக்கே கோப்பை வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது பையனை அடுத்த வருஷம் களத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும். நான்கு வருஷம் தொடர்ந்து ஆடுகிறவர்கள் பத்துப் பேர் இருக்கிற குழுவை, வருஷா வருஷம் புது ஆள் தேடுகிற குழு எப்படி வெல்லும்?

கபடியில் ஒரு பாதிக்கு இரண்டு டைம் அவுட், ஒவ்வொன்றும் 30 நொடி. அந்த 30 நொடியில் ஏழு பேருக்கு ஏழு குற்றப்பத்திரிகை வாசிக்கிற பயிற்சியாளர்களைப் பார்க்கிறோம். முதல் பத்து நொடி தண்ணீருக்கும் மூச்சுக்கும் விடுங்கள். மூச்சு வாங்குகிறவன் காதில் எதுவும் ஏறாது. பிறகு ஒரே ஒரு செய்தி, செய்ய வேண்டியதாக இருக்கட்டும். 'பின்னால போகாதே' என்பதைவிட 'போனஸ் கோட்டுக்கு ஒரு அடி முன்னால நில்லு' என்பது காலுக்குப் புரியும். கடைசியில் யார் யாருக்கு சப்போர்ட் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். இடைவெளியில் கோட்டுக்கு வெளியிலிருந்து மாமாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு யோசனை சொல்லுவார்கள்; அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அந்தப் பக்கம் உட்கார வைப்பதும் மேலாளரின் வேலை.

அவுட்டாகி வெளியே போய் உட்கார்ந்திருப்பவரை மறந்துவிடாதீர்கள். போன வரிசையில்தான் திரும்பி வர முடியும். ஆகவே முதலில் போனவர் எந்த நேரமும் எழுந்து ஓடத் தயாராக இருக்க வேண்டும். தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்துவிட்டால் உள்ளே வரும்போது அரை ஆளாகத்தான் வருவார். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள்: எதிரணி ரைடர் எந்தக் காலை முன்வைத்து வருகிறார், எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்த்து வைக்கச் சொல்லுங்கள். ஆறுதல் சொல்வதைவிட அது நன்றாக வேலை செய்கிறது.

பார்வையாளர் சத்தத்தால் ஆட்டக்காரர் ஏறிவிடுவார் என்று நினைக்கிறோம். 2020 மே மாதம் ஜெர்மனியின் புண்டஸ்லிகா கால்பந்து, காலி மைதானங்களில் மறுபடி தொடங்கியது. சொந்த மைதான அணிக்கு வழக்கமாக இருந்த சாதகம் குறைந்தது. அதைவிட வேடிக்கை, வெளியூர் அணிக்கு நடுவர்கள் காட்டிய மஞ்சள் அட்டைகளும் குறைந்தன. நம்முடைய கூச்சலில் ஒரு பங்கு நடுவர் காதுக்குத்தான் போகிறது போலிருக்கிறது.

சத்தத்தைவிடத் தரை முக்கியம். மண்ணில் வெறுங்காலோடு பழகிய பிள்ளைகள் மாவட்டப் போட்டியில் 'மேட்' என்கிற மெத்தை விரிப்பின் மேல் ஷூ போட்டு இறங்கும்போது கால் சறுக்காமல் ஒட்டிக்கொள்கிறது. உடம்பு திரும்ப, பாதம் திரும்புவதில்லை, முட்டி போகிறது. அந்த விரிப்பை ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் துண்டுகளாக வாங்கினால் ஆண்கள் களத்துக்கு மட்டும் 130 துண்டு, விழுந்து எழச் சுற்றிலும் இன்னும் வேண்டும். போட்டிக்கு முந்தின வாரமாவது மேட் இருக்கிற இடத்துக்கு அழைத்துப்போக வேன் வாடகை கொடுப்பவர், பொன்னாடை போர்த்துகிறவரைவிடப் பெரிய ஆதரவாளர். இந்திய ஹாக்கியைப் பாருங்கள். 2018இல் ஒடிசா அரசு ஆண், பெண் அணிகள் இரண்டுக்கும் ஸ்பான்சராக நிற்க ஏற்றுக்கொண்டது. 1980க்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கமே பார்க்காத ஆண்கள் அணி 2021இல் டோக்கியோவில் ஜெர்மனியை 5க்கு 4 என்று வென்று வெண்கலம் வாங்கியது. பெண்கள் நான்காம் இடம் வந்தார்கள். அரசு ஏற்றதால் மட்டுமே வந்தது என்று நான் சொல்லவில்லை. அடுத்த முகாமுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கவலை அவர்கள் தலையில் இல்லை.

இனி இடப்பக்கம் திரும்புகிறேன். எழுதுகிறவருக்குக் களம் இல்லை, விசில் இல்லை. தப்பு எங்கே என்று சொல்ல ஆளில்லாமல் முந்நூறு பக்கம் போய்விடலாம். கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் கடிதங்களிலேயே ஒருவருக்கொருவர் வாசகர்களாக இருந்தார்கள். ஒரே சின்ன ஊரில் இரண்டு சாகித்ய அகாதமி விருதாளர்கள் வந்ததற்கு அந்தத் தபால் செலவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. 1959இல் சி. சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கினார். புதுக்கவிதை என்றாலே முகம் சுளித்த காலத்தில் அதற்குப் பக்கம் ஒதுக்கினார். புத்தகங்களைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார்.

ராபர்ட் பாய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பல்கலைக்கழக ஆசிரியர்களை மூன்று பிரிவாக்கி ஓராண்டு எழுத்தைக் கணக்கெடுத்தார். ஓய்வு கிடைக்கும்போது எழுதலாம் என்று இருந்தவர்கள் சராசரி 17 பக்கம். தினமும் கொஞ்ச நேரம் எழுதிக் குறித்து வைத்தவர்கள் 64 பக்கம். அதோடு வாரம் ஒருமுறை ஒருவரிடம் காட்டியவர்கள் 157 பக்கம். அந்த ஒருவர் மேதையாக இருக்க வேண்டியதில்லை. 'இந்த வாரம் எத்தனை பக்கம்?' என்று கேட்டால் போதும்.

வாசகர் வட்டத்துக்கு என் யோசனை இது. ஆறு பேருக்கு மேல் வேண்டாம். 1500 சொல்லுக்குள் ஒரு கதை, கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பே அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள். முதல் முறை பேனா இல்லாமல் படியுங்கள். இரண்டாம் முறை, மனசு எங்கே நழுவியதோ அந்த வரியின் ஓரத்தில் ஒரு கோடு. கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் நான்கு நிமிடம்: எது மனதில் நின்றது, எங்கே நழுவியது, எது புரியவில்லை. 'நான் எழுதியிருந்தால்' என்று தொடங்குகிறவரை மணியடித்து நிறுத்துங்கள். எழுதியவர் அந்த இருபது நிமிடமும் வாய் திறக்கக் கூடாது. வாய் திறந்தால், கதையில் இல்லாததை விளக்கிச் சொல்லிவிடுவார், எல்லாரும் தலையாட்டுவார்கள், அடுத்த வடிவத்திலும் அது இருக்காது. சந்திப்பிழையை முதல் வடிவத்தில் தொடாதீர்கள். தூக்கி எறியப்போகிற பத்திக்கு ஒற்று திருத்துவது வீண். வயதில் மூத்தவர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் பேசினால் மற்ற நால்வரும் 'ஐயா சொன்னதுதான்' என்று முடித்துவிடுவார்கள்.

பாராட்டில் ஒரு எச்சரிக்கை. கிளாடியா முல்லர், கரோல் டுவெக் இருவரும் 1998இல் வெளியிட்ட சோதனையில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் புதிர்களை முடித்ததும் சிலரிடம் 'நீ புத்திசாலி' என்றும், சிலரிடம் 'நன்றாக உழைத்திருக்கிறாய்' என்றும் சொன்னார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோற்க விட்டார்கள். 'புத்திசாலிகள்' அதன்பின் எளிய புதிர்களிலும் முன்னைவிடக் குறைவாகவே செய்தார்கள். எடுத்ததைவிட அதிக மதிப்பெண் எடுத்ததாகப் பொய் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். 'அடுத்த புதுமைப்பித்தன் நீதான்' என்று இருபத்திரண்டு வயதுப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். 'கிழவி கதவைத் தாழ்போடாமல் போகிற இடம் நன்றாக இருக்கிறது' என்று சொல்லுங்கள். அந்த இடத்தை எப்படிச் செய்தோம் என்று அவர் திரும்பிப் பார்ப்பார்.

பெரிய சப்போர்ட் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 2015 ஜனவரியில் பெருமாள்முருகன், தனக்குள்ளிருந்த எழுத்தாளன் செத்துவிட்டதாக அறிவித்தார். அதற்கு முன், அவருடைய 'மாதொருபாகன்' நாவலுக்கு எழுந்த எதிர்ப்பை அடக்க நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய பேச்சுவார்த்தையில், மன்னிப்புக் கேட்டு ஓர் ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வைக்கப்பட்டிருந்தார். வருத்தம் தெரிவித்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்கில் மனுதாரராக நின்ற பெயர் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் ச. தமிழ்ச்செல்வன். 2016 ஜூலை 5ஆம் தேதி, அந்த ஒப்பந்தம் பெருமாள்முருகனைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் சொன்னது. எழுத்தாளர் உயிர்த்தெழுந்து எழுதட்டும் என்று அந்தத் தீர்ப்பு முடிகிறது.

வெளியே போகும் வழியில் மேசை மேல் இரண்டு நோட்டு இருக்கிறது. ஒன்றில் கபடிக் குழுவின் வேலைகள், ஒன்றில் அடுத்த மாதம் வாசிக்க வேண்டிய மூன்று கதைகள். எதிரே கட்டங்கள் காலியாக இருக்கின்றன. பேனாவைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள், எடுத்துப் போய்விடாதீர்கள்.

வணக்கம்.