வெள்ளத்தில் நின்ற வண்டியும் அதன் ஒயரிங்கும்

நேயர்களுக்கு வணக்கம். இரு சக்கர வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்ப்பவன் நான். மழைக்காலம் என்பதால், வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைப் பற்றிப் பேச வானொலி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள்.

2015 டிசம்பரில் அடையாறு கரைமீறியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் முடிச்சூரும் தண்ணீரில் நின்றன. இரண்டு முறையும் பட்டறைக்கு வந்த வண்டிகளைப் பிரித்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியானது. தண்ணீர் வடிந்த பிறகு நாம் செய்கிற அவசரத்தில்தான் பாதிக் கேடு வருகிறது. "ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போம்" என்று செல்ஃபை அழுத்துகிறோமே, அந்த ஒரு நொடியைத்தான் சொல்கிறேன்.

சாவி ஆஃபில் இருந்தாலும் பேட்டரியிலிருந்து சாவி ஸ்விட்ச் வரைக்கும், செல்ஃப் ரிலே வரைக்கும் ஒயரில் எப்போதும் 12 வோல்ட் நிற்கும். வெள்ளத் தண்ணீரில் சாக்கடையும் உப்பும் கலந்திருப்பதால் அது மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளருக்குள் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பின்களுக்கு நடுவே அந்தத் தண்ணீர் தேங்கினால், பள்ளிக்கூடத்தில் படித்த மின்னாற்பகுப்பு அங்கேயே நடக்கும். பாசிட்டிவ் பக்கத்துப் பின் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பச்சைக் களிம்பு ஏறும். அதனால் முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. நெகட்டிவ் ஒயரை முதலில் எடுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் சேசிஸில் பட்டால் பொறி பறக்கும்.

இன்ஜின் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், அதைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் மற்றது. ஆயில் பால் நிறத்தில் இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். எதையும் தொடுவதற்கு முன்பு வண்டியைப் போட்டோ எடுத்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், அதைக் காட்டியே இழப்பீட்டை மறுக்க வாய்ப்பிருக்கிறது.

அடுத்து நான் சொல்வது பலருக்கு வியப்பாக இருக்கும். நனைந்த ஒயரிங்கை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். சேறும் உப்பும் அப்படியே காய்ந்தால் பின்மேல் படிந்துவிடும். பிறகு பனி ஈரம் பட்டாலே மறுபடி அரிக்கத் தொடங்கும். பேட்டரி இல்லாதபோது நல்ல தண்ணீர் அவ்வளவு கெடுதல் செய்யாது. கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸில் அடிப்பது போலப் பிரஷரில் அடித்தால், ரப்பர் சீலைத் தாண்டிச் சேறு உள்ளே போய்விடும்.

பிறகு காய வைக்க வேண்டும். டிசம்பரில் சென்னையில் வெயிலை நம்ப முடியாது. டேபிள் ஃபேன் போதும், ஒன்றிரண்டு நாள் ஓடட்டும். ஹீட் கன் வேண்டாம், இன்சுலேஷன் உருகிவிடும். காய்ந்த பின் கான்டாக்ட் கிளீனர் அடித்து, களிம்பை மெல்லிய பிரஷ்ஷால் எடுத்து, சீலில் கொஞ்சம் டைஎலெக்ட்ரிக் கிரீஸ், அதாவது மின்சாரம் கடத்தாத கிரீஸ், தடவுங்கள். ஹேண்டில் ஸ்விட்ச், பிளக் கேப், பிரேக் லைட் ஸ்விட்ச், சைடு ஸ்டாண்டு ஸ்விட்ச் ஆகியவற்றை மறந்துவிடுகிறார்கள். இதில் சைடு ஸ்டாண்டு ஸ்விட்ச் ஒன்று பழுதானாலே பல வண்டிகள் ஸ்டார்ட் ஆகாது.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் பெரும்பாலும் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்ஷன். அதை நடத்தும் சின்னக் கம்ப்யூட்டர்தான் ஈசியூ. ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் ஈசியூ போய்விட்டது என்று முடிவுகட்டி, ஆயிரக்கணக்கில் செலவு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இது எனக்கு மனவேதனை தருகிறது, ஏனென்றால் அந்த வண்டியை வைத்துத்தான் பலர் வீட்டில் உலை கொதிக்கிறது. ஈசியூ நன்றாக மூடிய பெட்டி. அதற்குப் பணம் கொடுப்பதற்கு முன்பு பியூஸ், ஈசியூவின் கப்ளர், எர்த் ஒயர் மூன்றையும் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் எதிரிலேயே பார்க்கச் சொல்லுங்கள்.

ஓடத் தொடங்கிய வண்டியையும் ஒரு மாதம் கழித்துத் திறந்து பார்க்க வேண்டும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, ஒயருக்குள் இருக்கும் மெல்லிய செம்பு இழைகள் தண்ணீரை உள்ளே இழுத்து வைத்திருக்கும். வெளியே இன்சுலேஷன் பளபளப்பாக இருக்கும். உள்ளே செம்பு கறுத்திருக்கும். ஹெட்லைட் மங்குவது, இண்டிகேட்டர் தாறுமாறாக மின்னுவது, பியூஸ் அடிக்கடி போவது எல்லாம் இதற்கான அறிகுறி. கறுத்த இடத்தை வெட்டியெடுத்துப் புது ஒயர் சேர்த்து ஈயப்பற்று வைக்க வேண்டும். டேப் சுற்றி மறைக்கக் கூடாது.

மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு நான் இப்போது சொன்ன கை வேலை எதுவும் பொருந்தாது. பேட்டரிக்குச் சொல்லும் ஐபி-67 என்பது தண்ணீரில் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்பதற்கான சான்று; அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. இரவு முழுவதும் வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு அது உறுதிமொழி ஆகாது. லித்தியம் பேட்டரிக்குள் தண்ணீர் போயிருந்தால் பல நாள் கழித்தும் தீப்பிடிக்கலாம். சார்ஜ் போடாதீர்கள். வீட்டுக்குள்ளும் மாடிப்படிக்குக் கீழேயும் நிறுத்தாமல், திறந்த இடத்தில் வைத்துவிட்டு, அந்த கம்பெனியின் சர்வீஸ் ஆட்களை வரச்சொல்லுங்கள். வணக்கம்.