ஒப்பந்தத்தை மறக்காத டீமன்கள்

வணக்கம். காரைக்குடியிலிருந்து பேசுகிறேன். இன்றைய காணொளி முழுவதும் டீமன்கள், அதாவது மேலை மரபின் நரகத்துப் பேய்கள் உலவும் அர்பன் ஃபேன்டஸி (நகரத்தில் நடக்கும் மாயக்கதை), பாராநார்மல் ரொமான்ஸ் (அமானுடப் பாத்திரங்கள் வரும் காதல் கதை) நாவல்களைப் பற்றியது. இவற்றை ஏன் இவ்வளவு விரும்பிப் படிக்கிறீர்கள் என்று கேட்டுப் பலர் எழுதியிருந்தீர்கள். நான் கண்டுகொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு டீமன் நாவலின் தரத்தை அதில் வரும் டீமனின் அழகோ கொடூரமோ தீர்மானிப்பதில்லை. அவன் தான் கொடுத்த வாக்குக்கு எவ்வளவு தூரம் கட்டுப்பட்டு நடக்கிறான், அவனோடு ஒப்பந்தம் செய்துகொண்ட மனிதர் கொடுக்க வேண்டிய விலையை எழுத்தாளர் கடைசிப் பக்கம் வரை தள்ளுபடி செய்யாமல் வைத்திருக்கிறாரா என்பவைதான் தீர்மானிக்கின்றன.

இந்த இரண்டு வகைகளையும் ஒன்றாகவே பேசுகிறவர்கள் உண்டு. கடைகளிலும் ஒரே அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். ஆனால் கதையின் முதுகெலும்பு வேறு வேறு. அர்பன் ஃபேன்டஸியில் பெரும்பாலும் ஒரே கதாநாயகி தன் கதையைத் தானே சொல்லிக்கொண்டு போவாள். ஒரு கொலையோ காணாமல் போன ஒருவரோ கதையை நகர்த்தும். காதல் பல புத்தகங்களில் மெல்ல முளைக்கும், சில நேரங்களில் முளைக்காமலேயும் போகும். பாராநார்மல் ரொமான்ஸில் காதலே கதை. ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு புதிய இணை வரும், முன் புத்தகத்தில் ஓரமாக நின்றவர் அடுத்ததில் நாயகர் ஆவார், இணை சேர்ந்து வாழ்வதில்தான் புத்தகம் முடியும் என்பது வாசகருக்கு அளிக்கப்படும் உறுதி. இரண்டிலும் வெளிப்படையான காம வருணனை வருவதுண்டு, இரண்டாவது வகையில் மிகுதியாகவே வரும். ஆகவே வீட்டில் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் தாங்கள் படித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1980களில் அமெரிக்க நகரங்களுக்குள் தேவதைக் கதைகளைக் கொண்டுவந்த எழுத்தாளர்களிடமிருந்து இந்த மரபு தொடங்குகிறது. 1990களில் இரத்தக்காட்டேரிகளும் ஓநாய் மனிதர்களும் வந்து சேர்ந்தார்கள். 2000க்குப் பிறகுதான் டீமன்கள் பெருங்கூட்டமாக உள்ளே நுழைந்தார்கள். வரலாற்றை இந்த அளவில் நிறுத்திக்கொண்டு புத்தகங்களுக்கு வருகிறேன்.

கிம் ஹாரிசன் எழுதிய ஹாலோஸ் வரிசை 2004-இல் வெளியான 'டெட் விட்ச் வாக்கிங்' என்ற நாவலில் தொடங்குகிறது. களம் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரம். மரபணு மாற்றப்பட்ட ஒரு தக்காளி வழியே பரவிய கிருமி மனித இனத்தில் கணிசமான பகுதியை அழித்துவிட, அதுவரை மறைந்து வாழ்ந்த சூனியக்காரர்களும் இரத்தக்காட்டேரிகளும் வெளியே வந்து மனிதர்களோடு சேர்ந்து நகரத்தை நடத்துகிறார்கள். ரேச்சல் மார்கன் என்ற சூனியக்காரி இந்த வரிசையின் நாயகி. அவளைத் துரத்தும் டீமன் பச்சை வெல்வெட் கோட்டு அணிந்து, பழங்காலக் கனவானைப் போலப் பேசுகிறான்; எதிரில் இருப்பவர் எதற்கு அஞ்சுகிறாரோ அந்த உருவத்தையும் எடுத்துக்கொள்கிறான். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அவனுடைய உருவமாற்றம் அன்று. ரேச்சல் உயிர் தப்புவதற்காக அவனுடைய உதவியை ஏற்கும்போது அவளுடைய மணிக்கட்டில் ஒரு தழும்பு விழுகிறது. அவள் அவனுக்குக் கடன்பட்டிருக்கிறாள் என்பதற்கு அந்தத் தழும்புதான் சான்று. அடுத்தடுத்த புத்தகங்களில் அந்தக் கடன் வளர்கிறது, கைமாறுகிறது, பேரம் பேசப்படுகிறது, ஆனால் ஒருபோதும் மறக்கப்படுவதில்லை. டீமன்களின் மந்திரத்தைக் கையாளும் ஒவ்வொரு முறையும் அவளுடைய ஆன்மாவைச் சூழ்ந்த ஒளியில் கரி படிகிறது. நல்ல நோக்கத்துக்காகச் செய்தேன் என்று சொல்லி அந்தக் கரியைத் துடைக்க முடியாது.

செட்டிநாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே விளங்கும் என்று நினைக்கிறேன். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய குடும்பங்களின் பேச்சைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. கையெழுத்துப் போட்ட புரோநோட்டு எப்படிப் பெட்டிக்குள் கிடந்தாலும் தன் வட்டியைத் தானே வளர்த்துக்கொண்டிருக்குமோ, அப்படித்தான் ரேச்சலின் மணிக்கட்டுத் தழும்பும். ஹாரிசனுடைய டீமன் அச்சமூட்டுவதற்குக் காரணம் அவன் பொய் சொல்வது அன்று. ஒப்பந்தத்தின் ஒவ்வொரு சொல்லையும் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுவதுதான். அவனை வெல்ல வேண்டுமானால் அவனைவிடக் கவனமாக அந்தச் சொற்களைப் படிக்க வேண்டும். கதாநாயகியின் வீரம் வாள் வீச்சிலிருந்து வாசிப்புக்கு இடம்பெயர்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அடுத்தது ரிச்செல் மீட் எழுதி 2007-இல் வெளியான 'சக்குபஸ் புளூஸ்'. இந்தப் புத்தகத்தின் அட்டையைக் கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன். அட்டையைப் பார்த்து இதை எடைபோட்டுவிடாதீர்கள். ஜார்ஜினா கின்கெய்ட் என்பவள் ஆண்களின் உயிராற்றலை உறவின் வழியே உறிஞ்சி வாழும் சக்குபஸ் என்ற டீமன் இனத்தவள். பகலில் சியாட்டில் நகரத்தின் ஒரு புத்தகக் கடையில் வேலை பார்க்கிறாள். பல நூற்றாண்டுகளுக்கு முன் மனுஷியாக இருந்தபோது தன் ஆன்மாவை விற்று இந்த நிலைக்கு வந்தவள். அவளுக்கு மிகவும் பிடித்த நாவலாசிரியர் அந்த ஊருக்கு வருகிறார், இருவருக்கும் இடையே அன்பு பிறக்கிறது. அவள் விரும்புகிற மனிதரை நெருங்கினால் அவருடைய ஆயுள் குறையும். நெருங்காமல் இருந்தால் அந்த அன்பு எத்தனை நாள் தாங்கும்? ஆறு புத்தகங்கள் நீளும் இந்த வரிசையில் மீட் இந்தக் கேள்வியை எளிதாக அவிழ்த்துவிடுவதில்லை. தவறுகள் நடக்கின்றன, பிரிவுகள் நேர்கின்றன, தொட முடியாத காதலர்கள் ஒருவரையொருவர் வேறு விதங்களில் காயப்படுத்திக்கொள்கிறார்கள். வரிசையின் முடிவை நான் சொல்லப்போவதில்லை. அவள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் வாசகம் அந்த முடிவில் எவ்வளவு முக்கியமாகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முழுமையான பாராநார்மல் ரொமான்ஸ் வேண்டுமென்றால் 2008-இல் வெளியான இரண்டு நாவல்களைச் சொல்லலாம். லரிசா ஐயோன் எழுதிய 'பிளெஷர் அன்பவுண்ட்' நாவலில் நியூயார்க் நகரத்தில் டீமன்களே டீமன்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு மருத்துவமனை இயங்குகிறது; டீமன்களைக் கொல்வதைத் தொழிலாகக் கொண்ட ஒரு பெண் அடிபட்டு அங்கே கொண்டுவரப்படுகிறாள். கற்பனை வளமானது, ஆனால் எனக்குக் காதலைவிட அந்த மருத்துவமனைதான் நினைவில் நிற்கிறது. ஜீனா ஷோவால்டர் எழுதிய 'தி டார்க்கெஸ்ட் நைட்' புடாபெஸ்டில் நடக்கிறது. கிரேக்கப் புராணத்தில் வரும் பண்டோராவின் பேழையைத் திறந்த குற்றத்துக்காக, அங்கே வாழும் வீரர்கள் ஒவ்வொருவரின் உடலுக்குள்ளும் ஒரு டீமன் அடைக்கப்பட்டிருக்கிறது. வன்முறையைச் சுமக்கும் வீரன் ஒவ்வோர் இரவும் தன் நண்பர்களின் கையாலேயே குத்துண்டு இறந்து, மறுநாள் விழித்தெழ வேண்டும். கதை நடை எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. இருந்தாலும் அந்த இரவுத் தண்டனையின் கனம் நாயகனின் மென்மையை நம்ப வைக்கிறது. அந்தத் தண்டனையை எடுத்துவிட்டால் அவன் கோபக்கார அழகன் மட்டுமே.

இந்த வகையில் என்னை வருத்தும் பல நாவல்கள் அப்படிப்பட்ட அழகர்களால்தான் நிரம்பியிருக்கின்றன. முதல் அத்தியாயத்தில் நரகத்தின் இளவரசன் என்று அறிமுகமாகிறான்; மூன்றாவது அத்தியாயத்தில் நாயகிக்குக் காபி போட்டுக் கொடுக்கிறான்; அதற்குப் பிறகு அவன் டீமனாக இருப்பதால் யாருக்கும் எந்தத் தொல்லையும் இல்லை. அவனுக்காக அவள் எதையும் இழப்பதில்லை, அவளுக்காக அவன் எந்த விதியையும் மீறி அதன் பலனை அனுபவிப்பதில்லை. கதையில் அவனைப் பணக்கார வியாபாரி என்று மாற்றி எழுதினாலும் ஒரு வரி கூடக் குறையாது என்றால், டீமனை எதற்காக அழைத்து வந்தோம்? அழைப்பதற்கென்றே மேலை மரபில் எத்தனை விதிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன! வட்டம் வரைய வேண்டும், உண்மைப் பெயரை அறிய வேண்டும், சொல் தவறக் கூடாது. சாலமன் மன்னரின் பெயரால் வழங்கும் 17-ஆம் நூற்றாண்டு மந்திர நூலில் 72 டீமன்களின் பெயர்களும் பதவிகளும் முத்திரைகளும் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. ஃபாஸ்ட் என்ற அறிஞர் தன் ஆன்மாவைச் சாத்தானுக்கு எழுதிக்கொடுத்த கதை 1587-இல் ஜெர்மன் மொழியில் அச்சேறியது. இந்த மரபிலிருந்து பெயர்களை மட்டும் கடன் வாங்கி விதிகளைக் கைவிடுகிறவர்கள் தங்கள் கதையின் வலுவையே கைவிடுகிறார்கள்.

விதிக்குக் கட்டுப்பட்ட இப்படியொரு பாத்திரத்தை நம்முடைய நூல்களில் தேடியபோது சிலப்பதிகாரத்தின் சதுக்கப் பூதம் எனக்குக் கிடைத்தது. இந்திர விழவூரெடுத்த காதையில் புகார் நகரத்தின் ஐந்து மன்றங்களில் ஒன்றாகப் பூத சதுக்கம் வருகிறது. அங்கே ஒரு பூதம் இருக்கிறது. தவக்கோலத்தில் மறைந்துகொண்டு தீமை செய்பவர், அறம் தவறிய அமைச்சர், பிறன் மனைவியை விரும்புபவர், பொய்ச்சாட்சி சொல்பவர், புறங்கூறுபவர் ஆகியோரைக் கயிற்றால் கட்டி அடித்து உண்பேன் என்று நான்கு காதம் கேட்கும்படி அது குரல் எழுப்புகிறது. பெருநகரத்தின் நாற்சந்தியில் நின்று நகரத்தாரின் நடத்தையைக் கண்காணிக்கும் பூதத்தைவிட அர்பன் ஃபேன்டஸிக்குப் பொருத்தமான பாத்திரம் வேறு எது?

அடைக்கலக் காதையில் அந்தப் பூதம் மீண்டும் வருகிறது. ஒரு பத்தினியின் மீது அவளுடைய கணவனிடம் பொய்ப்பழி சொன்னவனைப் பூதம் பிடித்துவிடுகிறது. அவனுடைய தாய் படும் துயரத்தைக் காணப் பொறுக்காமல் கோவலன் சென்று, என் உயிரை எடுத்துக்கொண்டு இவனை விட்டுவிடு என்று வேண்டுகிறான். தீயவனின் உயிருக்கு ஈடாக ஒரு நல்லுயிரை வாங்கி நற்கதியை இழக்கும் வழக்கம் எனக்கு இல்லை என்று சொல்லிப் பூதம் மறுத்துவிடுகிறது; அவன் கண்ணெதிரிலேயே அந்தப் பொய்யனை உண்கிறது. கோவலன் துயருற்ற அந்தத் தாயோடு திரும்பி வந்து, அவளுடைய சுற்றத்தாரைப் பல்லாண்டு காலம் பசி தீர்த்துக் காக்கிறான். பூதம் இரங்கியிருந்தால் கோவலனின் தியாகம் ஓர் அழகிய சைகையாக முடிந்திருக்கும். அது இரங்காததால் அவன் பல ஆண்டுகள் உழைத்துச் சுமக்க வேண்டிய பொறுப்பாக மாறுகிறது. நான் மேலே சொன்ன நல்ல நாவல்கள் எல்லாம் இந்த இடத்தைத் தொடுவதற்குத்தான் முயல்கின்றன.

நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து புறப்பட்டுப் பாண்டிய நாட்டுக்கு வந்து குடியேறினார்கள் என்பது இந்த மண்ணின் மரபு வரலாறு. கோவலன் பிறந்த வணிகர் நகரத்திலிருந்து வந்தவர்களின் ஊர்களில் உட்கார்ந்துகொண்டுதான் நாம் சின்சினாட்டியின் டீமன்களைப் படித்துக்கொண்டிருக்கிறோம். பெட்டி படுக்கைகளோடு சேர்ந்து அந்தப் பூதமும் வந்திருந்தால் என்ன செய்யும் என்று ஒரு நாவலை யாராவது எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. முகப்பிலிருந்து வளவைத் தாண்டி இரண்டாம் கட்டு வரை நீளும் வீடுகள் இருக்கின்றன. பர்மாத் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் இருக்கின்றன. ஆண்டில் பல மாதங்கள் பூட்டியே கிடக்கும் அறைகள் இருக்கின்றன. பங்காளிகளுக்குள் பாகப் பத்திரத்தில் பொய்ச்சாட்சி சொல்லும் ஒருவர் இருந்தால் கதைக்குப் போதும். ஒன்றை மட்டும் கவனமாகச் செய்ய வேண்டும். கருப்பரையோ முனீசுவரரையோ மேலை நாட்டு டீமனின் இடத்தில் உட்கார வைக்கக் கூடாது. அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பர் சந்நிதியில் சத்தியம் செய்து வழக்குத் தீர்க்கிறவர்களுக்கு அவர் தெய்வம். அந்த வேறுபாட்டை உணராமல் எழுதப்படும் கதை நம்மவர்களையும் புண்படுத்தும், கதையாகவும் தேறாது.

காதல் பகுதிக்கும் நமக்கு முன்மாதிரிகள் உண்டு. மகாபாரதத்தில் இடும்பி பீமனை மணக்கும்போது நிபந்தனைகள் பேசப்படுகின்றன: பகலில் அவனோடு உலவலாம், இரவில் திரும்ப அழைத்து வந்துவிட வேண்டும், மகன் பிறக்கும் வரைதான் இந்த வாழ்க்கை. கடோற்கசன் பிறந்ததும் அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றி விலகிச் செல்கிறாள். அரக்கியின் காதலை இவ்வளவு கண்ணியத்தோடும் இவ்வளவு வலியோடும் முடிக்கும் ஒரு ரொமான்ஸ் நாவலை நான் இன்னும் படிக்கவில்லை. கம்பரோ சூர்ப்பணகையின் பக்கத்திலிருந்து பார்க்கிறார். இராமனைக் கண்டதும் அவள் உள்ளம் படும் பாட்டையும் அவள் எடுத்துவரும் அழகிய உருவத்தையும் அவர் பாடும் பாடல்களைப் படிக்கும்போது, அவள் வஞ்சகி என்று தெரிந்திருந்தும் அவளுடைய வேட்கை பொய்யென்று நம்மால் சொல்ல முடிவதில்லை. சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகம் நிறுவிய இந்த ஊரில் இதைச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஹாரிசனின் முதல் புத்தகத்தில் தொடங்குங்கள். ஆரம்பத்தில் பெயர்கள் குழப்பும், நூறு பக்கம் பொறுத்துக்கொண்டால் நகரம் பழகிவிடும். காதலே முதன்மையாக வேண்டும் என்பவர்கள் மீட்டின் வரிசையை ஒழுங்குப்படி படியுங்கள், நடுவிலிருந்து எடுத்தால் ஒப்பந்தத்தின் நூல் அறுந்துவிடும். இரண்டுமே மின்னூலாகக் கிடைக்கின்றன. அவற்றோடு அடைக்கலக் காதையையும் உரையோடு சேர்த்துப் படித்துவிட்டு, கோவலனை மறுத்த அந்தப் பூதம் செய்தது சரியா என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அடுத்த காணொளியில் சூர்ப்பணகைப் படலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விரிவாகப் பேசுகிறேன். நன்றி, வணக்கம்.