போர் வருமா என்று கேட்பவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

ஏதாவது ஓர் எல்லையில் துப்பாக்கிச் சத்தம் கேட்டுவிட்டால், வட்டார அரசியலையும் பாதுகாப்பையும் ஆராய்பவர்களுக்கு அன்று ஓய்வு கிடையாது. தொலைக்காட்சியிலிருந்து ஒருவர், பத்திரிகையிலிருந்து ஒருவர் என்று அழைத்துக்கொண்டே இருப்பார்கள். எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான்: போர் வருமா, வராதா? சோழி உருட்டிச் சொல்ல எங்களுக்குத் தெரியாது. உண்மையில், எங்கள் துறை மிக மோசமாகச் செய்யும் வேலையே ஆரூடம் சொல்வதுதான்.

அடக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. பிலிப் டெட்லாக் என்ற உளவியல் அறிஞர், 284 வல்லுநர்களின் அரசியல் கணிப்புகளை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சேகரித்து, பின்னர் உண்மையில் நடந்தவற்றோடு ஒப்பிட்டு 2005இல் வெளியிட்டார். பலருடைய கணிப்பு எளிய கணக்குச் சூத்திரங்களைக்கூட மிஞ்சவில்லை. ஊடகங்களில் புகழ் பெற்றவர்களின் நிலை மற்றவர்களைவிட மோசம். ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வது எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது.

எங்களிடம் வேறு கேள்விகளைக் கேட்கலாம். விடுப்பில் போன வீரர்களைத் திரும்ப அழைத்திருக்கிறார்களா? தூதரக ஊழியர்களின் குடும்பங்கள் வெளியேறுகின்றனவா? இரு தரப்பு ராணுவ அதிகாரிகளும் இன்னும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறார்களா? இவற்றுக்கு விடை தேட வழி உண்டு.

மற்ற நாள்களில் நாங்கள் செய்வது, அண்டை நாடுகளின் அச்சங்கள் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று பார்ப்பது. தொலைவிலிருந்து வரும் அச்சுறுத்தலைவிடப் பக்கத்திலிருந்து வருவதுதான் எளிதில் வந்து சேரும். ஆகவே ஒரு நாட்டின் பாதுகாப்பைத் தனியாக எடுத்து ஆராய முடியாது என்று பன்னாட்டு உறவுகளை ஆராயும் அறிஞர் பாரி புசான் 1983இல் வாதிட்டார். தற்காப்புக்கென்று ஒரு நாடு நீர்மூழ்கிக் கப்பல் வாங்குகிறது. அண்டை நாடு அதைத் தாக்குதலுக்கான ஆயத்தமாகப் பார்க்கிறது. இருவருமே பொய் சொல்லவில்லை. சிக்கலே அங்குதான் இருக்கிறது.

இதற்கு நேர்மாறாகவும் நடந்ததுண்டு. 1963 முதல் 1966 வரை ஆயுத மோதலில் இருந்த இந்தோனேசியாவும் மலேசியாவும், 1967 ஆகஸ்ட் 8 அன்று பாங்காக்கில் வேறு மூன்று நாடுகளோடு ஒரே மேசையில் அமர்ந்து ஆசியான் என்ற தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பைத் தொடங்கின. பகை அவ்வளவு விரைவில் எப்படித் தணிந்தது என்ற கேள்விக்காகவே ஓர் ஆய்வாளர் தன் வாழ்நாளைக் கொடுக்கலாம். கொடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

இந்தத் தொழிலில் சலிப்பூட்டும் வேலைகளே அதிகம். ஒரு நாட்டின் ராணுவச் செலவைக் கண்டுபிடிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு அமைச்சகத்தின் தலைப்பில் உள்ள தொகையைப் பார்த்தால் போதாது. முன்னாள் வீரர்களின் ஓய்வூதியம் வேறு தலைப்பில் இருக்கும், துணை ராணுவம் உள்துறையின் கீழ் இருக்கும். 1966இல் தொடங்கப்பட்ட ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனம் இப்படிச் சிதறிக் கிடப்பவற்றைக் கூட்டித்தான் ஆண்டுதோறும் பட்டியல் தருகிறது. பேட்டிகளுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. கேட்டதைப் பயன்படுத்தலாம், சொன்னவர் யார் என்று வெளியிடக் கூடாது. லண்டனில் உள்ள சாத்தம் ஹவுஸ் என்ற ஆய்வு நிறுவனம் 1927இல் வகுத்த விதி இது. ஓய்வுபெற்ற தளபதிகள் மனம் திறந்து பேசுவது இதற்குப் பிறகுதான். அவர்களிலும் சிலர் தங்கள் பழைய முடிவுகளை நியாயப்படுத்தவே வருகிறார்கள்.

ஆவணக் காப்பகத்தை மட்டும் வேறெதனாலும் ஈடுகட்ட முடியாது. சோவியத் ஒன்றியம் கியூபாவில் அணு ஏவுகணைகளை நிறுத்தியதால் அமெரிக்காவோடு மூண்ட 1962 அக்டோபர் கியூபா ஏவுகணை நெருக்கடியைப் போல உற்று ஆராயப்பட்ட நெருக்கடி குறைவு. அப்போது அந்தத் தீவில் சோவியத் படையினர் சுமார் 10,000 பேர் இருப்பதாக அமெரிக்க உளவுத்துறை கணக்கிட்டது. இருந்தவர்கள் 40,000க்கும் மேல் என்பது பிற்பாடு தெரியவந்தது. 1992இல் ஹவானாவில் நடந்த கருத்தரங்கில் சோவியத் தளபதி அனத்தோலி கிரிப்கோவ் இன்னொன்றையும் சொன்னார்: போர்க்களத்தில் பயன்படுத்தும் சிறிய அணு ஆயுதங்களும் அங்கே இருந்தன. நெருக்கடியின்போது அமெரிக்கப் பாதுகாப்புச் செயலராக இருந்த ராபர்ட் மெக்னமாரா, அதே அரங்கில் உட்கார்ந்து அதைக் கேட்டு அதிர்ந்துபோனார். கியூபாவைத் தாக்கலாம் என்று வாஷிங்டனில் ஆலோசனை சொன்னவர்கள் எதன் மேல் படையெடுக்கச் சொன்னோம் என்றே அறியாமல் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால் இத்துறைக்கு வர விரும்பும் இளைஞர்களிடம் நான் முதலில் கேட்பது மதிப்பெண்ணை அல்ல. அண்டை நாட்டு மொழி ஒன்றைச் செய்தித்தாள் படிக்கும் அளவுக்குக் கற்றிருக்கிறீர்களா என்று கேட்கிறேன். அடுத்து, பொறுமை இருக்கிறதா என்று கேட்கிறேன். பல நாடுகளில் அரசுக் கோப்புகள் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தே திறக்கப்படுகின்றன. முப்பது வயதில் எழுதிய கட்டுரையை அறுபது வயதில் ஒரு கோப்பு கவிழ்த்துப் போடலாம். அப்போது உட்கார்ந்து திருத்தி எழுத வேண்டியதுதான். அதற்கும் ஊதியம் உண்டா என்று ஒரு மாணவி கேட்டார். கிடையாது என்றேன். அவர் இப்போது முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறார்.

நன்றி, வணக்கம்.