சட்டைக்குள்ளே யார்?

மன்றத் தலைவர் அவர்களே, கோயில் அறங்காவலர்களே, வேலை நாளிலும் வந்திருக்கும் நகரமன்ற உறுப்பினர் அவர்களே, முன்வரிசையில் முழங்காலைத் தடவியபடி உட்கார்ந்திருக்கும் மூத்த ஆட்டக்காரர்களே, பிரியாணிச் சட்டி பக்கம் நிற்பதால் இந்த வணக்கம் காதில் விழாத தாய்மார்களே! அனைவருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் சாப்பாட்டின்போது திட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு கால்பந்து அணியின் பதினொரு பேரும் மாறிய பிறகு அது அதே அணிதானா? நிறம், மைதானம், ஏடு (அதாவது சங்கத்தின் குறிப்பேடும் படங்களும்) என்று மூன்றையும் பேசுவேன் எனத் துண்டறிக்கையில் போட்டிருக்கிறார்கள். நிறத்தை ஒரே வரியில் முடிக்கிறேன்: ஸ்பான்சர் வந்தால் மாறிவிடும். மைதானம்? இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950-ஆம் ஆண்டுக் குழுப்பகுதிச் சட்டத்தால் டர்பனின் மேவிலையும் கேட்டோ மேனரையும் விட்டு சாட்ஸ்வர்த்துக்கு வந்த குடும்பங்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டா வந்தன?

அடியற்றால் நுனி விழாமல் இருக்குமா என்பார்கள். அணிக்கு அடி எது?

மேனிங் ரேஞ்சர்ஸை எடுத்துக்கொள்வோம். 1928-இல் நம் டர்பனில் பிறந்த சங்கம். தென்னாப்பிரிக்க பிரீமியர் சாக்கர் லீக்கின் முதல் பருவமான 1996-97-இல், கார்டன் ஈகசண்ட் பயிற்சியில், சோவெட்டோவின் பெரிய அணிகளையெல்லாம் ஓரங்கட்டிவிட்டுக் கோப்பையைத் தூக்கியது. கைதட்டுங்கள், தட்டலாம்! 1998-இல் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்கில் குழுச் சுற்று வரை போனது. அப்புறம்? 2006-இல் லீக்கில் ஆடும் அதன் உரிமம், 'ஸ்டேட்டஸ்' என்கிறோமே அது, கைமாறியது. பெயர் மாறியது, ஊர் கேப்டவுன் ஆனது, பிறகு பெயர் இன்னொரு முறையும் மாறியது. காகிதத்தில் ஒருநாள்கூட இடைவெளி இல்லை. ஆனால் அந்தக் கேப்டவுன் அணியை இந்த அரங்கில் யாராவது 'நம்ம ரேஞ்சர்ஸ்' என்பீர்களா?

பக்கத்து லமொன்ட்வில்லைப் பாருங்கள். 1943-இல் தொடங்கிய கோல்டன் ஆரோஸ் 1976-இல் கலைந்து, இருபது வருடம் கழித்து 1996-இல் மீண்டும் எழுந்தது. பழைய ஆட்டக்காரர் ஒருவர்கூட மிச்சமில்லை. ஆனாலும் ஊர் அதை அதே ஆரோஸாகத்தான் பார்க்கிறது. ஆக, அணிக்கு அடி ஆளும் இல்லை, உரிமமும் இல்லை. 'இது நம்முடையது' என்று சொல்ல ஊரும், அதற்கு ஆதாரமும் இருந்தால் போதும். அடியற்றால் நுனி விழாமல் இருக்குமா? அடி அங்கே இருக்கிறது.

அந்த ஆதாரம் ஏட்டில்தான் இருக்கிறது. அதனால்தான் எங்கு போனாலும் ஏட்டைப் பற்றியே பேசுகிறேன். கேலி செய்கிறார்கள். செய்யட்டும். சங்க விதிகளில் ஒரு பிரிவு சேருங்கள்: பெயர், சின்னம், கோப்பைகள், கூட்டக் குறிப்பேடு எல்லாம் உறுப்பினர் பொதுக்குழுவின் சொத்து, மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இல்லாமல் கைமாறக் கூடாது. இது இல்லாத சங்கத்தில் செயலாளர் இறந்ததும் குறிப்பேடு பழைய பேப்பர்காரரிடம் போய்விடும்.

அடுத்தது குழுப்படங்கள். பசை ஆல்பத்திலிருந்து பிய்க்காதீர்கள், முகம் கிழியும். லேமினேட் செய்யவே கூடாது, ஒட்டியதைப் பிரிக்க முடியாது. செலோடேப் மஞ்சளாகிக் கறை விடும். பின் ஊசி டர்பன் ஈரத்தில் துருப்பிடிக்கும். பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயர்களை எழுதுங்கள். பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். பிளாஸ்டிக் பூச்சுள்ள படத்தில் பென்சில் பிடிக்காது. அப்போது உறையில் எழுதிப் படத்தை உள்ளே வையுங்கள். படத்தைப் பார்க்கும் நமக்கு இடப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்; இதில் குழம்பித்தான் கீப்பர் சென்டர் ஃபார்வர்டாகிவிடுகிறார். ஸ்கேன் 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி. மூலப்படங்களை குவாசுலு-நட்டால் பல்கலைக்கழக வெஸ்ட்வில் வளாகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையத்திடம் கேட்டு ஒப்படைக்கலாம்.

ஆட்டமுறை பற்றியும், 1903-இல் தொடங்கிய, தென்னாப்பிரிக்க இந்தியர்களின் கால்பந்துப் போட்டியான சாம் சைனா கோப்பை பற்றியும் பேச ஆசைதான். தலைவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார்.

வாசலில் மேசை போட்டு உறையும் பென்சிலும் வைத்திருக்கிறோம். படம் கொண்டு வந்தவர்கள் சாப்பாட்டுக்கு முன்பே வந்துவிடுங்கள். அப்புறம் கையெல்லாம் நெய்யாக இருக்கும்.