எக்ஸ் கதிர் வருகிறது, அனுப்புவது யார்?

நேயர்களுக்கு வணக்கம். மருத்துவமனையில் எலும்பைப் படம்பிடிக்கும் எக்ஸ் கதிருக்கு நிகரான ஆற்றலுள்ள கதிர்கள் நம் பால்வீதியின் பல மூலைகளிலிருந்தும் வருகின்றன. காற்று மண்டலம் அவற்றைக் கீழே விடுவதில்லை. அதனால் விண்வெளிக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

பார்ப்பதோடு வேலை முடிவதில்லை என்பதைத்தான் இன்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2002 அக்டோபரில் அனுப்பிய இன்டெக்ரல் செயற்கைக்கோளை எடுத்துக்கொள்வோம். இத்தனை ஆற்றலுள்ள கதிர்களைக் கண்ணாடி வைத்துக் குவிப்பது மிகக் கடினம். ஆகவே அதன் ஐபிஸ் கருவியில் டங்ஸ்டன் கட்டைகளைக் குறிப்பிட்ட ஒழுங்கில் அடுக்கிய மறைப்புப் பலகை ஒன்று உண்டு. 3.2 மீட்டர் கீழே இருக்கும் உணர்கருவியில் அதன் நிழல் எப்படி விழுகிறது என்று கணக்கிட்டுத்தான் கதிர் வந்த திசையைக் கண்டுபிடிக்கிறார்கள். அழகான உத்தி, ஆனால் துல்லியம் போதாது. கதிரை அனுப்பும் மூலம் மங்கலானது என்றால் அது இருக்கக்கூடிய வட்டம் முழுநிலவின் அகலத்தில் கால்வாசி வரை போய்விடும். விண்மீன்கள் நெருங்கிக் கிடக்கும் பால்வீதித் தளத்தில் அந்த வட்டத்துக்குள் நூற்றுக்கணக்கான விண்மீன்கள் இருக்கும். எதைச் சொல்வது?

அப்புறம்தான் சந்திரா, எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்னும் விண்வெளித் தொலைநோக்கிகள் வருகின்றன. அவை ஆற்றல் குறைந்த எக்ஸ் கதிர்களைக் கண்ணாடியில் குவிப்பவை. சந்திராவால் ஏறத்தாழ ஒரு விகலை அளவுக்கு, அதாவது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்குக்கு, இடத்தைச் சுருக்க முடியும். அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு விண்மீன்தான் மிஞ்சும்.

2003 ஜனவரியில் இன்டெக்ரல் கண்ட ஐஜிஆர் ஜே16318-4848 என்னும் மூலம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. எக்ஸ்எம்எம் காட்டிய இடத்தில் அகச்சிவப்பில் பிரகாசமான விண்மீன் ஒன்று இருந்தது. அந்த விண்மீனின் ஒளியை மறைக்கும் தூசையும், எக்ஸ் கதிரை மறைக்கும் பொருளையும் தனித்தனியே அளந்தார்கள். இரண்டாவது ஏறக்குறைய நூறு மடங்கு! திரை வழியில் இருந்திருந்தால் விண்மீனின் ஒளியும் அதே அளவு மறைந்திருக்கும். அப்படியானால் அந்தத் திரை வழியில் இல்லை, கதிரை உமிழும் பொருளையே நெருங்கிச் சூழ்ந்திருக்கிறது. பேருரு விண்மீன் தன்னிலிருந்து வீசும் அடர்ந்த வாயுக் காற்றுக்குள், எக்ஸ் கதிரை உமிழும் அதன் துணை புதைந்து கிடக்கிறது. ஆற்றல் குறைந்த கதிர்கள் அந்த உறையிலேயே அடங்கிவிடுகின்றன, ஆற்றல் மிக்கவை துளைத்துக்கொண்டு வெளியே வருகின்றன.

எல்லா மூலமும் இப்படி இருப்பதில்லை. சிலவற்றில் எக்ஸ் கதிர் சீரான இடைவெளியில் துடிக்கும். இறந்த விண்மீனின் அடர்ந்த மிச்சமான, சுழலும் நியூட்ரான் விண்மீனோ, காந்தப்புலமுள்ள வெண்குள்ளனோ அங்கே இருக்கிறது என்று அர்த்தம். எந்த வகை என்பதை அதனோடு இணைந்திருக்கும் சாதாரண விண்மீனின் நிறமாலையும் தூரமும் சேர்ந்தே சொல்லும். சில மூலங்கள் பால்வீதியிலேயே இல்லை, பின்னால் வெகு தொலைவில் இருக்கும் விண்மீன் மண்டலங்களின் கருந்துளைகள் நம் தளத்தின் ஊடே தெரிகின்றன.

2025 பிப்ரவரியில் இன்டெக்ரல் தன் ஆய்வுப் பணியை நிறுத்திக்கொண்டது. அது கண்ட மூலங்களில் அடையாளம் தெரியாதவை இன்னும் நிறைய மீதம் இருக்கின்றன. புதிய செயற்கைக்கோளுக்குக் காத்திருக்காமல், சந்திரா வேலை செய்துகொண்டிருக்கும்போதே அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து. பல மூலங்களுக்கு ஒன்றிரண்டு மணி நேரப் பார்வையே போதும். நன்றி, வணக்கம்.